மஞ்சள் சீட்டு

எங்கள் சர்ச்சில் வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் மேல் இரண்டு கட்டுச் சீட்டுகள் வைத்திருப்பார்கள். வெள்ளைச் சீட்டு, கடவுளிடம் ஏதாவது கேட்க வேண்டியவர்களுக்கு. மஞ்சள் சீட்டு, கேட்டது கிடைத்துவிட்டது என்று நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு. வெள்ளைக் கட்டு மாதத்துக்கு ஒன்று தீர்ந்துவிடும். மஞ்சள் கட்டு, நான் பார்த்தவரையில், வருடக்கணக்காக ஒரே கட்டுதான். மேல்தாள் வெயில் பட்டு வெளுத்து, அதுவும் வெள்ளைச் சீட்டாகவே ஆகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு முன்னால் பாஸ்டர் ஐயா பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். சபையார் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்வார்கள். பெயர் போடப் பிடிக்காதவர்கள் ‘ஒரு சகோதரி’ என்று மட்டும் எழுதலாம். ஐயா அதை ‘பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி’ என்று நீட்டிப் படிப்பார். எங்கள் ஊரான கரையான்சாவடியில் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மருமகளின் மனம் மாற வேண்டும் என்று ஒரு சகோதரி கேட்டால், மூன்றாவது பெஞ்சில் இருக்கும் மருமகள் வெடுக்கென்று முக்காட்டை இழுத்துக்கொள்வாள். குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை என்றால் ஆண்கள் பக்கம் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சகோதரி புதிதாக வந்தாள். அவள் யாரென்று சபையில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் தெரியும். அவள் என் அம்மா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவை, எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் போல, நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. அம்மா வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்தாள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து காட்டுப்பாக்கம் வரைக்கும் அவளுக்கு வாடிக்கை உண்டு. பெண்கள் வந்தால் முன்னறைத் திரையை இழுத்துவிட்டு டேப் வைத்து அளவெடுப்பாள். யாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இரண்டு அங்குலம் கூடியது, யார் மாதா மாதம் இளைத்துக்கொண்டே போகிறாள் எல்லாம் அவளுடைய நீளநோட்டில் இருந்தது. நைனாகூட அதைத் தொட முடியாது. அந்த நோட்டில் இல்லாத ஒரே அளவு அம்மாவுடையதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு வெள்ளைச் சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். சண்டே ஸ்கூல் பாட்டுப் பயிற்சிக்குப் போகும்போது பெட்டியில் போட்டுவிட வேண்டும், பிரிக்கக் கூடாது. பிரிக்காதே என்று சொன்ன பிறகு பிரிக்காமல் இருக்கிற பிள்ளையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பால் பூத் பக்கத்தில் நின்று படித்தேன். ஒரு சகோதரியின் இடது மார்பில் உள்ள கட்டி கரைய ஜெபிக்கவும் என்று எழுதியிருந்தது. மார்பு என்ற வார்த்தையை அம்மா எழுதியிருக்கிறாள் என்பதில்தான் எனக்கு முதலில் வெட்கம் வந்தது.

பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“இன்னாமா கட்டி? வேனக்கட்டியா?”

மெஷின் நின்றது. “படிச்சியா நீ?”

“பாதிதாம்மா.”

அம்மா திரைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் தலையிலிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

“குளிக்க சொல்ல கைல பட்டுச்சு. கொட்டப்பாக்கு மாதிரி கீது.”

“வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. வலிச்சாதான பயப்படணும். அதுபாட்டுக்கு கரைஞ்சிடும். நைனாகிட்ட மூச்சு விடக் கூடாது, தெரிதா?”

தெரிந்தது. வலிக்கவில்லை என்றால் பயமில்லை. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. முழங்காலில் அடிபட்டால் வலிக்கும், பிறகு ஆறும். வலிக்காதது எப்படி நோயாகும்?

அம்மாவுக்கு ஏன் ஆஸ்பத்திரி வேண்டாமென்று இருந்தது என்பதை இப்போது ஓரளவு யூகிக்க முடிகிறது. அதற்கு முந்தின வருடம் வானகரத்திலிருந்து ஒரு வாடிக்கைக்காரம்மா வந்திருந்தாள். திரையை இழுத்ததோடு நில்லாமல் அம்மா கதவையும் சாத்தினாள். அந்தம்மாவுக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய துணியும் பஞ்சும் வைத்து, மறுபக்கத்துக்குச் சமமாக ஒரு மெத்தை தைத்து ப்ளவுஸின் உள்ளே பொருத்திக் கொடுத்தாள் அம்மா. நாலு ப்ளவுஸ். நாலாவதை வாங்கிக்கொண்டு போக அந்தம்மா வரவில்லை. கத்தி வைத்ததால்தான் பரவிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கட்டியைக் கண்டு அந்தம்மா எத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தாள் என்று ஒருவரும் பேசவில்லை. நாலாவது ப்ளவுஸ் அலமாரியின் மேல்தட்டில் வெகுநாள் கிடந்தது.

வாரம் தவறாமல் வெள்ளைச் சீட்டு போனது. வாரம் தவறாமல் ஐயா படித்தார், நூற்றுச் சொச்சம் பேர் ஆமென் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். எனக்கு அந்த நேரம் உள்ளுக்குள் ஒரே பெருமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். “எந்த ஊட்டுப் பொண்ணோ, பாவம்” என்பார்கள். முடி கொட்டியிருக்கிறவள், சோர்ந்து நடக்கிறவள் என்று ஒவ்வொருத்தியாகச் சந்தேகப்பட்டார்கள். அம்மாவை ஒருத்தியும் சந்தேகப்படவில்லை. அவள் நன்றாகத்தான் இருந்தாள். அவர்களோடு நின்று, யாராக இருக்கும் என்று அவளும் யோசித்தாள்.

இந்தப் பேச்சில் முன்னால் நிற்பவள் பாட்டுக்குழுவில் பாடுகிற ஒரு அக்கா. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், அந்த அக்கா வாய்க்கு ஊர்வாய் பரவாயில்லை. இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ என்று வாரத்துக்கு ஒரு பெயர் சொல்லுவாள்.

பத்து வாரம் இப்படிப் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா சீட்டைப் படித்து முடித்ததும் பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆராதனை நடுவில் ஒரு பெண் எழுந்து பேசுவது எங்கள் சபையில் வழக்கமில்லை.

“ஐயா மன்னிக்கணும். ரெண்டரை மாசமா ஒரு தங்கச்சிக்குக் கட்டின்னு வாசிக்கீங்க. நானும் ஜெபிக்கத்தான் செய்யேன். ஆனா எனக்கு மனசு நிக்க மாட்டேங்கு. அந்தத் தங்கச்சி இங்கதான் இருக்கா. வலிக்காத கட்டியக் கண்டாத்தாம்மா எனக்குப் பயம். வலிச்சா நீயே ஆஸ்பத்திரிக்கு ஓடிருவ. இது சத்தமே போடாது. சின்னதா இருக்கும்போது பாத்துட்டா பொழச்சுக்கலாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

நர்ஸம்மாவின் கண் பெஞ்சு பெஞ்சாக வந்தது. எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது எனக்குக் கை தூக்க வேண்டும் போல இருந்தது. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைக்கு வருமே, அதே துடிப்பு. அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த விரல்கள். நர்ஸம்மாவின் கண் எங்களைத் தாண்டிப் போன பிறகும் அவள் விடவில்லை.

ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு நர்ஸம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். தெரிந்த ஒரு லேடி டாக்டரை சர்ச் ஹாலுக்கே கூட்டி வருவது, வருகிற சனிக்கிழமை விட்டு அதற்கடுத்த சனிக்கிழமை, முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அத்தனை பேரும் வர வேண்டும், தானே தடவிப் பார்த்துக்கொள்வது எப்படி என்றும் சொல்லித் தருவார்கள். “எல்லாரும் வந்தா அது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுல்லா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த முகாம் முழுக்க என் அம்மா ஒருத்திக்காகப் போட்ட பந்தல். அது அம்மாவுக்குத் தெரிந்தது.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. அம்மா சாப்பிடவில்லை. போகலாமா வேண்டாமா என்று மெஷினோடு பேசிக்கொண்டிருந்தாள். “கெட்ட கட்டிதான்னு சொல்லிட்டா இன்னா பண்றது” என்று ஒருமுறை சத்தமாகவே சொன்னாள். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிந்திருந்த சமயம். பட்டு ப்ளவுஸ் ஒன்றுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவிட்டாள். அவள் கத்தரி தப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “பாரேன், ரெண்டும் எடக்கை” என்று என்னிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். சிரித்தவள் அந்தத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு அம்மா அழுவது பிடிக்கவில்லை. நான் செய்ததற்கெல்லாம் காரணம் அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் கற்பித்துக்கொள்ள இத்தனை வருடமாக முயன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு சண்டே ஸ்கூலில் எங்களுக்கு விசுவாசம் பற்றிப் பாடம் நடந்திருந்தது. கிடைத்த பிறகு நன்றி சொல்ல யாருக்கும் தெரியும், கிடைக்கும் முன்னாலேயே கிடைத்துவிட்டதாக நம்பி நன்றி சொல்கிறதுதான் விசுவாசம் என்று டீச்சர் சொன்னார். நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிற பிள்ளை இல்லை. தொலைந்துபோன என் ஜாமெட்ரி பாக்ஸுக்கு அன்று மத்தியானமே நன்றி சொன்னேன். செவ்வாய்க்கிழமை அது வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை அம்மா வழக்கம்போல வெள்ளைச் சீட்டைக் கொடுத்தாள். அதை நான் பெட்டியில் போடவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமே. அதை ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டு, வெளுத்த மேல்தாளைத் தள்ளி, உள்ளேயிருந்து நல்ல மஞ்சளாக ஒரு சீட்டை உருவினேன். எழுத்தைக் கூட்டிக் கூட்டி, பெரியவர்கள் எழுதுகிற மாதிரி சாய்த்து எழுதினேன். பெயர் சொல்ல விரும்பாத சகோதரியின் கட்டி கரைந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

மறுநாள் ஐயா அதைப் படித்தபோது அவர் குரலே உடைந்துபோனது. இரண்டாம் முறையும் படித்தார். சபை முழுவதும் கை தட்டியது. பாட்டுக்குழு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக அத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. அவர்கள் நல்லவர்கள். இதை எழுதும்போது அதையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, அவள் மட்டும் மெதுவாக ஒரு ஆமென் சொன்னாள்.

வாசலில் நர்ஸம்மா நின்று ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தபடி, “கரைஞ்சா சந்தோசந்தான், ஆனாலும் சனிக்கிழமை வந்துருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இனி என்ன அவசியம் என்று சிலர் அங்கேயே பேசிக்கொண்டார்கள். அம்மா, “ஆர்டர் தலைக்கு மேல கீது சிஸ்டர்” என்றாள். வழியில் எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள். அடுத்த சனிக்கிழமை எனக்கு வெள்ளைச் சீட்டு தரவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் தரவில்லை.

முகாம் நாளன்று பாட்டுக்குழு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“வாக்கா, சும்மா ஒரு நட போய்ட்டு வந்துடலாம். எனக்கு ஒண்ணுமில்ல, போலன்னா அந்த நர்ஸம்மா திட்டும்.”

“நீ போய்ட்டு வா. நான் இந்தக் கழுத்த முடிச்சுக்கினு வரேன்” என்றாள் அம்மா. அந்தக் கழுத்தை அவள் சாயங்காலம் வரைக்கும் தைத்தாள்.

முகாமுக்கு வந்தது இருபது பேருக்குள்தான் இருக்கும். அதில் ஒருத்திக்குக் கட்டி இருந்தது. அது பாட்டுக்குழு அக்காவுக்கு. தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸம்மா அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு அலைந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே ஆபரேஷன் செய்ய வைத்தார். பொங்கல் கழித்து அக்கா ஒரு துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். திரைக்குப் பின்னால் அவர்கள் பேசியதெல்லாம் கேட்டது.

“எடுத்துட்டாங்களாடி?” என்று அம்மா கேட்டாள். “மெத்த வெச்சுத் தெக்கணுமா?”

“அய்ய, இல்லக்கா. கட்டிய மட்டும்தான் எடுத்தாங்க. பாரு, எல்லாம் அப்படியேதான் கீது. இன்னும் கரண்டு வெக்கணுமாம், மருந்து ஏத்தணுமாம். கஷ்டம்தான். ஆனா பொழச்சுக்குவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“கத்தி வெச்சா பரவும்பாங்களே.”

“சும்மாக்கா. வுட்டாதான் பரவுமாம்.”

டேப்பை இழுக்கிற சத்தம் நின்றது. “எவ்ளோ பெருசு இருந்துச்சு உனுக்கு?”

“பட்டாணி.”

அக்கா போன பிறகு திரையை விலக்கிப் பார்த்தேன். அம்மா அந்த நீளநோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் கையில் இருந்தது. எதையும் எழுதவில்லை. அன்று அவளுக்கு நர்ஸம்மாவிடம் போக வேண்டும் என்று இருந்திருக்கும். ஆனால் எந்த முகத்தோடு போவாள்? கரைந்துவிட்டது என்று சபையே கை தட்டி முடித்திருந்தது. கரையவில்லை என்று இப்போது சொன்னால் கடவுளையே பொய்யாக்கியதாகும், இல்லாவிட்டால் பெற்ற பெண்ணைப் பொய்க்காரியாக்கியதாகும். எப்படிப் பார்த்தாலும் அந்தக் கதவைச் சாத்தியவள் நான்.

ஈஸ்டருக்கு அந்த அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு சபையில் சாட்சி சொன்னாள். பெயர் சொல்லித்தான் சொன்னாள். “அந்தப் பேர் தெரியாத சகோதரி யாரோ, அவங்களாலதான் நான் உயிரோட கீறேன்” என்று முடித்தாள். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள்.

வெயில் காலத்தில் அம்மா தன் ப்ளவுஸின் உள்ளே துணி மடித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மாற்றினாள். குளியலறையில் எப்போதும் டெட்டால் வாசனை வந்தது. பள்ளிக்கூடம் திறந்த மாதம், துவைத்துக் காயப்போட்ட துணியில் போகாத கறையைப் பார்த்துவிட்டு நைனா கேட்டார். அன்றைக்கே ஆட்டோ வைத்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். “இப்பத்தாங்க, ஒரு மாசமா” என்றாள் அம்மா. எனக்குக் கணக்கு நன்றாக வரும். விரலை விட்டு எண்ணினேன், பத்து மாதம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தேன். அம்மா சர்ச்சில் செய்தது போலவே என் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அக்கா இன்றும் இருக்கிறாள், இன்றும் பாடுகிறாள். நான் இப்போது வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். அம்மாவுக்கு வந்த வயது வரும்வரை காத்திருக்கக் கூடாது, அதற்கு வெகு முன்னாலேயே பார்க்கத் தொடங்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பதால், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். அக்காதான் துணைக்கு வருவாள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்கிற இடத்தில் அம்மா பெயரை முழுதாக எழுதுவேன். “உங்கம்மா மட்டும் அன்னிக்கு என்கூட வந்திருந்தா” என்று அக்கா ஒவ்வொரு வருடமும் சொல்லுவாள். அந்தச் சகோதரி யாரென்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். சொல்லாமல் வந்துவிடுகிறேன்.

அந்த வருடமே பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை, இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவுக்குக் கட்டில் போட்டோம். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது நைனா மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா பக்கத்தில் வரச் சொன்னாள்.

“அந்த மஞ்சச் சீட்டு போட்டது நீதான?”

தலையை ஆட்டினேன்.

“எனுக்கு அன்னிக்கே தெரியும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். “அத்தப் படிச்ச அன்னிலேர்ந்துதான் பாப்பா நான் நல்லாத் தூங்கினேன்.”

திட்டு விழும் என்று நின்றிருந்தேன். பாராட்டு கிடைத்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“இன்னொண்ணு போடட்டாமா?”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ. “போடு” என்றாள்.

சனிக்கிழமை போய் மஞ்சள் சீட்டு எடுத்தேன். முதல் சீட்டு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெயர் போடவில்லை. பெயர் போடாமல் கேட்டால் கடவுளுக்குத்தான் எப்படித் தெரியும்? இந்த முறை அம்மா பெயர், நைனா பெயர், எங்கள் தெரு, கதவு எண் எல்லாம் எழுதினேன். பூரண சுகம் கிடைத்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐயா வெள்ளைச் சீட்டுகளை எல்லாம் படித்து முடித்தார். கடைசியாக மஞ்சளை எடுத்துப் பிரித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், நான் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு அதை மறுபடியும் மடித்து அங்கியின் உள்ளே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாடலாம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் மட்டும் எழவில்லை.

அந்தச் சீட்டை ஐயா சத்தமாகப் படித்திருந்தால் நூற்றுச் சொச்சம் பேரும் ஆமென் சொல்லியிருப்பார்கள், திங்கட்கிழமை அம்மா எழுந்து மெஷினில் உட்கார்ந்திருப்பாள் என்பதில் அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. புதன்கிழமை அம்மாவை அடக்கம் செய்தபோது ஐயா வந்து என் தலையில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன். அம்மா போனதற்கு அவர்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.